‘வொட்’ என்னும் ஆங்கில வினையின் நிகழ்காலம்: வழுவும் வழக்கும்

தோற்றுவாய்

ஒரு மொழியின் இலக்கண அமைதியை அறிய விழைவார் அம்மொழியில் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களையே முதற்கண் ஆராய்வர். அது முறையே. எனினும், வழக்கு வீழ்ந்த சில வினைகள் மொழியின் பழைய நிலையைத் தம்மகத்தே கரந்து வைத்திருத்தலும் உண்டு. பலராலும் ஆளப்படும் சொல் தேய்ந்து தேய்ந்து பிற சொற்களோடு ஒரு நிறத்ததாகிவிடும். அருகி வழங்கும் சொல்லோ தன் பழைய உருவோடு நின்று விடும். ஆங்கிலத்தில் ‘விட்’ என்பது அத்தகையதொரு வினை. ‘அறிதல்’ என்பது அதன் பொருள். அதன் நிகழ்கால வடிவம் ‘வொட்’. இறந்தகால வடிவம் ‘விஸ்ட்’. இவ்வினை முழு வினையாக இன்று எவர் பேச்சிலும் இல்லை. சட்ட ஆவணங்களில் ‘அதாவது’ என்னும் பொருளில் வரும் ‘டு விட்’ என்னும் தொடரிலும், ‘தான் அறியாமலே’ எனப் பொருள்படும் ‘அன்விட்டிங்லி’ முதலிய சொற்களிலும் மட்டுமே அதன் சுவடு காணப்படுகின்றது.

ஆங்கிலப் பழஞ்செய்யுள்களையும் 1611ஆம் ஆண்டு வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பையும் பயிலும் நம் மாணாக்கர் இவ்வினையைக் கண்டு மயங்குதல் இயல்பு. ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமை நிகழ்கால வினை ‘ஸ்’ என்னும் ஈறு பெறும். பழைய வழக்கில் ‘எத்’ என்னும் ஈறு பெறும். ‘வொட்’ என்பதோ ஓரிடத்து ஈறின்றி வருகின்றது. ஓரிடத்து ‘வொட்ஸ்’ எனவும், பிறிதோரிடத்து ‘வொட்டெத்’ எனவும் வருகின்றது. இவற்றோடு ‘ஐ விஸ்’ என்னும் ஒரு வடிவமும் தன்மை ஒருமை போலத் தோன்றி நிற்கின்றது. இவற்றுள் எது மரபு? எது வழு? பள்ளி இலக்கணம் மட்டும் பயின்றார் ஈறில்லாத வடிவத்தைப் பிழை என்பர். சொற்பிறப்பு நூல் பயின்றார் ஈறு பெற்ற வடிவத்தைப் பிழை என்பர். இவ்விரு கொள்கையும் நிரம்பாதன என்பதும், உண்மையாகப் பிழைபட்டது வேறொன்று என்பதும், அவ்வேறுபாட்டை உணர்தல் பழந்தமிழ் நூல் ஆய்வார்க்கும் பயன்தரும் என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்படும்.

வாய்பாட்டின் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் நிகழ்காலம் வருமாறு அமைந்தது. தன்மை ஒருமை ‘வாட்’. முன்னிலை ஒருமை ‘வாஸ்ட்’. படர்க்கை ஒருமை ‘வாட்’. மூவிடப் பன்மை ‘விட்டொன்’. இங்குக் கருதத்தக்கன இரண்டு. தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் வேறுபாடின்றி ஒரே வடிவின என்பது ஒன்று. ஒருமையில் ஆகாரமாக நின்ற உயிர் பன்மையில் இகரமாகத் திரிந்தது என்பது மற்றொன்று.

நெடில் ஆகாரம் ஆங்கில மொழியின் இடைக்காலத்தில் ஓகாரமாகத் திரிந்தமையின், ‘வாட்’ என்பது ‘வோட்’ ஆயிற்று. 1400இல் மறைந்த சாசர் என்னும் பெரும்புலவரின் செய்யுள்களில் வழங்கும் வடிவம் இதுவே. பின்னர் அந்நெடில் குறுகி ‘வொட்’ என நின்றது. ஆகவே ‘வாட்’, ‘வோட்’, ‘வொட்’ என்பன ஒரு சொல்லின் மூன்று பருவங்கள் என அறிக. இவற்றுள் எப்பருவத்தும் படர்க்கை ஒருமைக்கெனத் தனி ஈறு இச்சொல்லுக்கு இயல்பாக உரியதாய் இருந்ததில்லை.

ஆங்கிலத்தின் இனமொழிகளும் இதற்குச் சான்று பகரும். செருமானிய மொழியில் ‘யான் அறிவேன்’, ‘அவன் அறிவான்’ என்னும் இரண்டிற்கும் ‘வைஸ்’ என்னும் ஒரே வடிவம் இன்றும் வழங்குகின்றது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் உல்பிலா என்னும் சமயத் தலைவர் விவிலியத்தை மொழிபெயர்த்த காத்திய மொழியில் ‘வைட், வைஸ்ட், வைட்’ என ஒருமை மூன்றும் அமைந்தன. எனவே ஈறின்மை ஆங்கிலப் புலவர் செய்த சிதைவன்று. அவர்தம் மொழி தோன்றுமுன்னரே தோன்றிய பழமை என்பது போதரும்.

ஈறு பெறாமையின் காரணம்

இனி, ஈறு பெறாமைக்குக் காரணம் யாதெனின், இது பிறப்பால் நிகழ்கால வினை அன்மையே என்க. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு மூலத்தினின்று கிளைத்தன ஆதல் வேண்டும் என வில்லியம் சோன்சு 1786இல் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். செருமானிய இனமொழிகளின் மெய்யெழுத்துத் திரிபுகளை யாக்கோப்பு கிரிம் 1822இல் விதிப்படுத்தினார். அவ்விதியின்படி வடமொழித் தகரம் அன்று, மென்மையாக ஒலிக்கும் தகரமே ஆங்கில டகரமாகும். இவ்வழியே நோக்கின், ஆங்கில ‘விட்’ என்பதும் வடமொழி ‘வித்’ என்னும் அடியும் ஒன்றே. ‘வேதம்’, ‘வித்தை’ என நம்மவர் நன்கறிந்த சொற்கள் அவ்வடியின் வழிவந்தன. இலத்தீனில் அதே அடி ‘விதேயோ’ என நின்று ‘காண்கின்றேன்’ என்னும் பொருள் தருகின்றது.

வடமொழியில் ‘வேத’ என்பது ‘யான் அறிவேன்’ எனவும் ‘அவன் அறிவான்’ எனவும் பொருள்படும். முன்னிலை ஒருமை ‘வேத்த’. தன்மைப் பன்மை ‘வித்ம’. கிரேக்கத்தில் ஒருமை மூன்றும் ‘ஓய்த, ஓய்ஸ்த, ஓய்தெ’ எனப்படும். ஒருமையில் ‘வே’ எனக் குணமாகத் திரிந்த உயிர் பன்மையில் ‘வி’ என நிற்றலைக் காண்க. பழைய ஆங்கிலத்து ‘வாட்’, ‘விட்டொன்’ என்பவற்றின் வேறுபாடும் இதுவே. இவ்வடிவங்கள் நிகழ்கால ஈறுகளை ஏலாமல், நிறைவு உணர்த்தும் இறந்தகால ஈறுகளை ஏற்றன. ‘கண்டு முடித்த நிலையில் உள்ளேன், ஆகவே அறிவேன்’ என்பதே இவற்றின் உட்கிடை என மொழிநூலார் கொள்வர். உருவால் இறந்தகாலம், பொருளால் நிகழ்காலம். ஆங்கிலத்தில் இறந்தகால வினை எதுவும் படர்க்கை ஒருமையில் ‘ஸ்’ பெறுவதில்லை. ஆதலின் ‘வொட்’ என்பதும் பெறாதாயிற்று.

இதனை ஐயுறுவார் ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் துணைவினைகளை நோக்குக. ‘கேன்’, ‘மே’, ‘ஷேல்’, ‘மஸ்ட்’ என்பவை எவ்விடத்தும் ‘ஸ்’ ஈறு பெறா. இவையும் ‘வொட்’ போன்று உருவால் இறந்தகாலமாய்ப் பொருளால் நிகழ்காலமாய் நிற்கும் வினைகளே. அவற்றுள்ளும் ‘கேன்’ என்பதன் பழம்பொருள் ‘அறிதல்’ என்பது இங்கு நினைக்கத்தகும். அறிவோன் செய்ய வல்லவன் ஆதலின், அறிதற்பொருள் ஆற்றற்பொருளாயிற்று. ‘அவன் கேன்’ என்பதைப் பிழை என்னாது ஏற்பவர் ‘அவன் வொட்’ என்பதைப் பிழை என்றல் பொருந்தாது. முன்னது துணைவினையாய் நிலைத்தமையின் நம் செவிக்குப் பழகியது. பின்னது வழக்கு வீழ்ந்தமையின் பழகாதது. வேற்றுமை அவ்வளவே.

அறிதலும் காலமும்: தமிழ் நோக்கு

அறிதல் என்னும் வினை நிகழ்காலத்திற்கு எளிதில் அடங்காமை தமிழிலும் காணப்படும் ஓர் உண்மை. ‘இச்செய்தியை அறிவாயோ?’ என வினவியார்க்கு ‘அறிவேன்’ என்றே விடையிறுப்போம்; ‘அறிகின்றேன்’ என விடையிறுப்பதில்லை. பேச்சு வழக்கில் ‘எனக்குத் தெரியும்’ என்போம். ‘தெரிகின்றது’ என்பது கட்புலனாதலைக் குறிக்குமேயன்றி, முன்னரே பெற்றுள்ள அறிவைக் குறித்தல் அருகியே வரும். ‘அறிவேன்’ என்பது உருவால் எதிர்காலம். ‘தெரியும்’ என்பது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டது. இரண்டும் பொருளால் நிகழ்காலம்.

வடமொழியும் கிரேக்கமும் ஆங்கிலமும் அறிதலை இறந்தகால உருவால் உணர்த்தின. தமிழ் எதிர்கால உருவால் உணர்த்துகின்றது. தமிழ் அவற்றின் இனமொழி அன்று. திராவிடக் குடும்பம் வேறு என்பது 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட பின்னர் ஐயமற நிலைபெற்றது. ஆதலின் இவ்வொப்புமை உறவால் வந்ததன்று; பொருளின் இயல்பால் வந்தது. உண்டல், ஓடல், எழுதல் என்பன தொடங்கி நடந்து முடியும் தொழில்கள். அவை நிகழுங்கால் அவற்றை நிகழ்காலத்தாற் கூறலாம். அறிவோ, தோன்றிய பின் நிலைத்து நிற்பது. தோன்றிய காலத்தை நோக்குவார்க்கு அது இறந்தகாலம். இனியும் நிற்றலை நோக்குவார்க்கு அது எதிர்காலம். இரு மொழியினரும் ஒரே நிலையை இரு பக்கம் நின்று நோக்கினர் எனல் தகும்.

நம் இலக்கண நூலார் இதனை உணர்ந்தே இருந்தனர். மலையும் ஞாயிறும் போல முக்காலத்தும் ஒரு தன்மையவாய் உள்ள பொருள்களின் வினையை எவ்வாய்பாட்டாற் கூறுதல் வேண்டும் எனத் தொல்காப்பியர் வினையியலில் விதி வகுத்தார். காலம் மயங்கி வருதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களை நன்னூலார் தொகுத்துரைத்தார். உருவின் காலம் வேறு, பொருளின் காலம் வேறு ஆதல் கூடும் என்னும் இக்கொள்கையை உடையார்க்கு ஆங்கில ‘வொட்’ ஒரு வியப்பன்று. அதனை வழுவமைதி என எளிதிற் கொள்வர்.

இருவகை மாற்றம்

இங்ஙனம் ‘வொட்’ என்பதன் ஈறின்மை மரபென நிறுவப்படவே, ‘வொட்ஸ்’, ‘வொட்டெத்’ என்பன வழுவெனக் கடியப்படுமோ எனின், அற்றன்று. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பையே சான்றாகக் கொள்வோம். அதன் ஆதியாகமத்தில், யோசேப்பு தன் தலைவனின் மனைவிக்கு மறுமொழி கூறும் முப்பத்தொன்பதாம் அதிகாரத்தில் ‘வொட்டெத்’ என்னும் படர்க்கை வடிவம் வருகின்றது. அதே யோசேப்பு தன் உடன்பிறந்தாரை வினவும் நாற்பத்து நான்காம் அதிகாரத்தில் முன்னிலைப் பன்மைக்கு ‘வொட்’ என்னும் வடிவம் வருகின்றது.

முன்னதைப் பிழை என்றும் பின்னதை மரபு என்றும் கூறுவார் ஒன்றை மறந்தனர். பழைய ஆங்கிலப் பன்மை ‘விட்டொன்’. அதன் வழிவந்த முறையான பன்மை இகரம் பெற்ற ‘விட்’ என்பதே. அதனை நீக்கி ஒருமைக்குரிய ‘வொட்’ என்பதைப் பன்மைக்கும் நீட்டியதே முதல் மாற்றம். படர்க்கை ஒருமையில் ‘எத்’, ‘ஸ்’ ஈறுகளைச் சேர்த்தது அதனைப் போன்றதோர் இரண்டாம் மாற்றம். சொற்பிறப்பையே அளவுகோலாகக் கொண்டு இரண்டாவதைக் கடிவார் முதலாவதையும் கடிதல் வேண்டும். அங்ஙனம் கடியின், ‘வொட்’ என்பது பன்மையில் வரும் விவிலிய இடங்கள் பலவும் வழுவாய் முடியும். அதனை ஒருவரும் உடன்படார்.

இவ்விரு மாற்றமும் ஒப்புமையாக்கத்தால் வந்தவை. வழக்கு மிக்க ‘நோ’ என்னும் வினை ‘நோஸ்’ என ஈறு பெறுதலைக் கண்ட பேசுவோர், அருகிய ‘வொட்’ என்பதனையும் அவ்வாய்பாட்டில் அடக்கினர். அதனாற் பொருள் மயக்கம் எதுவும் விளையவில்லை. ஈறு பெற்ற வடிவம் அவ்வினைக்கு இன்னும் உயிர் இருந்தது என்பதற்கே சான்று. இறந்துபட்ட சொல்லை எவரும் புது வாய்பாட்டில் அடக்க முயலார்.

இவ்விடத்துப் பாணினியார் கொண்ட நெறி நினைக்கத்தகும். வடமொழியிலும் ‘வித்’ என்னும் அடிக்கு நிகழ்காலத்தில் இருவகை வடிவங்கள் வழங்கின. பழைய ‘வேத’ ஒன்று. பிற வினைகளைப் போன்று நிகழ்கால ஈறு ஏற்ற ‘வேத்தி’ மற்றொன்று. பாணினியார் இவற்றுள் ஒன்றை வழுவென விலக்கினாரல்லர். நிகழ்கால ஈறுகளுக்கு மாற்றாக இறந்தகால ஈறுகளையும் இவ்வடி விகற்பமாக ஏற்கும் என ஒரு தனி நூற்பாவால் விதித்தார். ‘வேத’, ‘வேத்தி’ என்பவற்றின் உறவே ‘வொட்’, ‘வொட்ஸ்’ என்பவற்றின் உறவுமாகும்.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. ‘உள்’ என்னும் அடியிற் பிறந்த ‘உண்டு’ என்பது முதற்கண் ஒன்றன்பாற் குறிப்புவினையே. ஐம்பாற்கும் மூவிடத்திற்கும் பொதுவாய் வரும் வினைகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் ‘வேறு’ என்பதனையும் இன்மை செப்பலையும் எண்ணினார். ‘உண்டு’ என்பதனை எண்ணவில்லை. பின்னர் வழக்கு விரிந்து ‘அவன் உண்டு’, ‘அவர் உண்டு’ என வரலாயிற்று. நன்னூலார் அவ்விரிவை ஏற்று ‘உண்டு’ என்பதனையும் பொதுவினையாக்கினார். பொதுமை சிறப்பாக மாறியது ஆங்கிலத்தில். சிறப்பு பொதுமையாக மாறியது தமிழில். திசை வேறாயினும் நெறி ஒன்றே. உயிருள்ள வழக்கு மாற்றியதை இலக்கணம் பின்சென்று தழுவுகின்றது.

பிரித்தெழுதலாற் பிறந்த பொய்வினை

இனி, ‘ஐ விஸ்’ என்பதனை ஆராய்வாம். ‘ஐ’ என்பது ஆங்கிலத் தன்மை ஒருமைப் பெயர். ஆகவே ‘ஐ விஸ்’ என்பதனை ‘யான் அறிவேன்’ எனக் கொள்வது எளிது. ‘விஸ்ட்’ என்னும் இறந்தகால வடிவம் அருகில் இருத்தலின், ‘விஸ்’ என்பது அதன் நிகழ்காலம் போலும் எனக் கருதுதலும் எளிது. எளிதாயினும் அஃது உண்மையன்று. ‘விஸ்ட்’ என்பதன் நிகழ்காலம் ‘வொட்’ என்பது மேலே காட்டப்பட்டது. ‘விஸ்’ என்பதோர் அறிதல் வினை பழைய ஆங்கிலத்தில் இவ்வாறு வழங்கியதன்று.

அங்ஙனமாயின் இது யாதெனின், ‘உறுதியாக’ எனப் பொருள்படும் ஒரு வினையடை என்க. பழைய ஆங்கிலத்தில் அது ‘யெவிஸ்’ என வழங்கியது. செருமானியத்தில் ‘கெவிஸ்’ என இன்றும் அப்பொருளில் வழங்குகின்றது. அதன் முன்னொட்டு இடைக்கால ஆங்கிலத்தில் தேய்ந்து இகரமாகவே, சொல் ‘இவிஸ்’ என்றாயிற்று. ஏடெழுதுவோர் அம்முன்னொட்டைச் சொல்லினின்றும் பிரித்து எழுதுதல் உண்டு. தனித்து நின்ற அவ்வெழுத்தும் தன்மைப் பெயரின் எழுத்தும் ஒரே வடிவின. வினையடை வழக்கு வீழ்ந்த பிற்காலத்தில் ஏட்டைப் படித்தார், முன்னொட்டைப் பெயராகவும் எஞ்சியதை வினையாகவும் கொண்டனர். ஒருவரும் பேசாத ஒரு வினை இங்ஙனம் ஏட்டிலே பிறந்தது.

‘வொட்ஸ்’ என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அது பேசுவோர் நாவிற் பிறந்தது. இது படிப்போர் கண்ணிற் பிறந்தது. அது பழைய பொருளைக் காத்து உருவை மாற்றியது. இது பழைய உருவைக் காத்துப் பொருளை மாற்றியது. இலக்கண நூலார் அமைத்துக்கொள்ளத்தக்கது முன்னது. பின்னதனைப் பிழை எனச் சுட்டுதலே கடன்.

புலவர் ஆட்சி

வரலாற்றால் மரபாதலும் செய்யுளில் நயமாதலும் ஒன்றாகுமோ என்பது இனி எழும் வினா. நால்வர் ஆட்சியை ஒப்பிட்டு நோக்குவோம்.

செகப்பிரியர் இருவகை வடிவங்களையும் ஆண்டுள்ளார். ‘ஆம்லெட்’ நாடகத்தில் தலைவன் பொலோனியசை எள்ளும்போது, எப்தா என்பானைப் பற்றிய பழைய கதைப்பாடலின் ஓரடியை எடுத்துரைக்கின்றான். அதில் ‘இறைவன் அறிவான்’ என்னும் பொருளில் ‘காட் வொட்’ என்னும் தொடர் ஈறின்றி வருகின்றது. அது ‘லொட்’ என்னும் சொல்லோடு இயைபுத் தொடையாய் நிற்றலின், ‘வொட்ஸ்’ என மாற்றின் தொடை கெடும். தொடை பழைய வடிவைக் காத்தது என்க. எதுகையும் மோனையும் நம் பழஞ்சொற்களைக் காத்தமை போன்றதே இதுவும். ‘தைத்தசு அந்திரோனிக்கசு’ நாடகத்திலோ, ஆலைக்காரன் அறியாது ஆலையருகே ஓடும் நீரைப் பற்றிய பழமொழியை ஒரு பாத்திரம் கூறுமிடத்து ‘வொட்ஸ்’ என வருகின்றது. பழம்பாடலை எடுத்தோதுவான் வாயிற் பழைய வடிவும், பழமொழியைத் தன் பேச்சிற் கலந்து கூறுவான் வாயிற் புது வடிவும் அமைந்தமை பொருத்தமாகவே உள்ளது.

கோலரிட்சு 1798இல் வெளியிட்ட முதுகடலோடியின் பாட்டில் ‘விஸ்ட்’ என்னும் வடிவம் வருகின்றது. தொலைவில் ஒரு புள்ளியாய்த் தோன்றிப் படலமாகிப் பின் உருவங்கொண்ட ஒன்றைக் கடலோடி விரித்துரைக்குமிடம் அது. கதை இறந்தகாலத்தில் நடத்தலின் வடிவம் இலக்கணத்தோடு பொருந்துகின்றது. ஆயினும் அச்சொல் பழைய கதைப்பாடல்களில் ‘இவிஸ்’ நின்ற இடத்தில், அடிநிரப்பும் அசைச்சொல் போலவே நிற்கின்றது. ஆனால் கண்டானா, கண்டதாகக் கருதினானா என ஐயுறும் ஒருவன் கூற்றில் ‘அறிந்தேன்’ என்னும் சொல் வருதல் அச்சத்தை மிகுவிக்கின்றது. அசையாக வந்தது பொருளும் பெற்றது. அது புலவர் திறம்.

மெக்காலே 1842இல் வெளியிட்ட பண்டை உரோமானியப் பாடல்களுள் ‘ஒரேசியசு’ என்பதில் ஒரு செய்யுள் ‘ஐ விஸ்’ எனத் தொடங்குகின்றது. 1835இல் இந்தியாவிற்கு ஆங்கிலக் கல்வியே தக்கது என வாதிட்ட மெக்காலே இவரே. இப்பாடல்களின் எண்ணம் நீலகிரி அடிவாரத்துக் காட்டில் தமக்குத் தோன்றியது என்றும், செய்யுள்களிற் பெரும்பகுதியை உதகமண்டலத்தில் தங்கிய நாளிலும் வங்கக் கடற்பயணத்திலும் இயற்றியதாகவும் அவரே பின்னர் எழுதியுள்ளார். உரோமானியரின் இழந்துபோன கதைப்பாடல்களை மீட்டுப் படைப்பதே அவர் கருத்து. பழமையின் சாயல் வேண்டிப் பழஞ்சொல்லை நாடினார். பகைவர் அணுகியதை அறிந்து நடுங்காத நெஞ்சம் ஆட்சிக்குழுவில் ஒன்றும் இல்லை என்பது அச்செய்யுளின் கருத்து. ‘இவிஸ்’ என வினையடையாகக் கொள்ளின், ‘உறுதியாக’ எனப் பாடுவோனின் துணிபு மட்டும் தோன்றும். ‘ஐ விஸ்’ என வினையாகக் கொள்ளின், ‘யான் அறிவேன்’ எனச் சான்று கூறல் தோன்றும். அந்நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் பின் வாழ்ந்தவனாகவே பாடுவோனை மெக்காலே அமைத்தார். அவன் அவர்தம் நெஞ்சத்தை அறிந்தவாறு எங்ஙனம்? எழுத்தொன்றைப் பிரித்து நிறுத்தியது, பாடுவோனைக் காணாததைக் கண்டதாகக் கூறும் சான்றாளன் ஆக்கிவிட்டது. பாட்டின் வீறு இதனாற் குன்றவில்லை. எனினும் நம் நாட்டார்க்கு ஆங்கிலம் கற்பிக்க முற்பட்ட பேரறிஞர்க்கும் தம் மொழியின் பழமை ஏட்டுவழியே மயங்கியது என்பது நமக்கு ஓர் எச்சரிக்கை. தாய்மொழியாளன் என்னும் தகுதி ஒன்றே பழைய நூலைப் படித்தற்குப் போதாது.

நான்காமவர் தா. எ. பிரௌன் (1830-1897). தோட்டத்தைப் பற்றிய அவர்தம் சிறு பாட்டில் ‘காட் வொட்’ என்னும் தொடர் முதலடியிலேயே வருகின்றது. படர்க்கை ஒருமை ஈறின்றி நிற்றலின், பழைய இலக்கணத்தோடு முற்றும் பொருந்திய ஆட்சி இது. ஆயினும் பின்வந்தோர் இதனையே எள்ளி நகையாடினர். போலிப் பழமையைக் குறிக்கக் ‘காட்வொட்டரி’ என ஒரு புதுச்சொல்லும் இருபதாம் நூற்றாண்டில் இதிலிருந்தே பிறந்தது. செகப்பிரியரின் ‘வொட்ஸ்’ பழைய இலக்கணத்தின் வழுவியும் உயிரோடு நின்றது. பிரௌனின் ‘வொட்’ வழுவாதிருந்தும் எள்ளலுக்கு இலக்காயிற்று. வடிவம் பிழையின்மையால் மட்டும் செய்யுள் சிறவாது. சொல்லுவோன் உள்ளத்தில் அச்சொல்லுக்கு இடம் உண்டாதல் வேண்டும்.

பதிப்பிப்பார்க்கு ஒரு சொல்

ஒரு சிற்றினையைப் பற்றி இத்துணை விரித்தது எற்றுக்கு எனின் கூறுதும். 1901இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்த மொழிபெயர்ப்பில் ‘வொட்’, ‘விஸ்ட்’ என்பன நீக்கப்பெற்று, வழக்கிலுள்ள ‘நோ’, அதன் இறந்தகாலம் ஆகியவை அமைக்கப்பெற்றன. அது மொழிபெயர்ப்பாளர் உரிமை. படிப்போர் பொருள் உணர்தலே அவர் குறிக்கோள். ஆனால் பழைய நூலைப் பதிப்பிப்பார்க்கு அவ்வுரிமை இல்லை. ‘வொட்’ என்றிருந்ததை ‘வொட்ஸ்’ எனத் திருத்தினும், ‘வொட்டெத்’ என்றிருந்ததை ‘வொட்’ எனத் திருத்தினும், மொழி வரலாற்றின் ஒரு சான்று அழியும்.

தமிழ் ஏடுகளில் புள்ளி இல்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேறுபாடு இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. இந்நிலையில் சொற்பிரிப்பு முழுவதும் பதிப்பாசிரியர் கையது. ஓரெழுத்தைப் பிரித்தமையால் ஆங்கிலத்தில் ஒரு பொய்வினை தோன்றி, பெரும்புலவர் நூலிலும் புகுந்தது எனின், பிரிப்பே இல்லாத ஏடுகளினின்று எழும் இடர் எத்துணைத்து! 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு பல தேடி ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தமை இவ்விடர் உணர்ந்த பேருழைப்பாகும். தமக்கு விளங்காத வடிவத்தைத் தம் கால இலக்கணங்கொண்டு திருத்தாது, உள்ளவாறே காட்டிச் சென்றார்க்கே பின்வருவோர் கடமைப்பட்டவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘வொட்’ என்பது படர்க்கையில் ஈறு பெறாமை அதன் இறந்தகாலப் பிறப்பால் வந்த மரபு என்பதும், ‘வொட்ஸ்’, ‘வொட்டெத்’ என்பன வழக்கால் வந்த மாற்றமாதலின் அமைத்துக்கொள்ளத்தக்கன என்பதும், ‘ஐ விஸ்’ என்பது ஏட்டுப் பிரிப்பாற் பிறந்த பொய்வினை என்பதும், இவற்றுள் எதனையும் திருத்தாது காத்தலே பதிப்பாசிரியர் கடன் என்பதும் பெறப்படும். கண்டதனால் அறிந்தோம் என்பது அவ்வினையின் மூலப்பொருள். ஏட்டில் உள்ளதைத் திருத்துமுன் உள்ளவாறு காண்டலே அறிதற்கு வாயில் என்பதனை அச்சொல்லே நமக்கு உணர்த்தி நிற்கின்றது.